கடைக் கதவில் தொங்கும் பிரெஞ்சு இறந்தகாலம்

பிரெஞ்சு பேசும் ஊருக்கு வந்த புதிதில் பணப்பையைத் தொலைத்துவிட்டு முறைப்பாடு கொடுக்கப் போனேன். "ஜ சுய் பெர்து" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அன்பாக ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். நான் சொன்னது 'வழி தவறிவிட்டேன்' என்று. தொலைத்துவிட்டேன் என்பதற்கு "ஜே பெர்து" என்றிருக்க வேண்டும்.

தமிழர் எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கும் இடம் இது. வந்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன், தொலைத்திருக்கிறேன், எதற்கும் நமக்கு 'இரு' போதும். பிரெஞ்சில் அந்த 'இரு', அதாவது எத்ர், போவது, வருவது, பிறப்பது, இறப்பது போன்ற சுமார் 15 வினைகளுக்கும், குளிப்பது, எழும்புவது போல 'ஸ' சேர்ந்து வரும் வினைகளுக்கும்தான். மிச்சமெல்லாம் அவ்வார், அதாவது 'வைத்திரு'; 'ஜே'யில் இருப்பது அதுதான். "ஜ சுய் மோஞ்ஜே" என்றால் உங்களை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள்!

அடுத்த தலையிடி, ஒழுங்கில்லாத வினைகள். வகுப்பில் நீளமாக ஒரு அட்டவணை தருவார்கள். பெட்டிக்குள் வையுங்கள். 'வா' வந்தேன் ஆனதையும் 'கேள்' கேட்டேன் ஆனதையும் நாம் அட்டவணை பார்த்தா படித்தோம்? பாதிச் சொற்கள் தெருவிலேயே இருக்கின்றன. கடைக் கதவில் 'உவேர்', அது உவ்ரிர், திறப்பதன் இறந்தகாலம். பணம் கட்டினால் தரும் பற்றுச்சீட்டு 'ரெசு', பெறுவதற்கான ரெசெவ்வாரிலிருந்து வந்தது. சாரதி அனுமதிப்பத்திரம் 'பெர்மி'. அதன் தலையை வெட்டினால் 'மி', மெத்ர், வைப்பது. வாகனம் நிறுத்தக் கூடாத இடத்தில் 'ஆந்தேர்தி'. அதன் வாலில் இருக்கும் 'தி', சொல்வதற்கான திர். வாடகை விளம்பரத்தில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு 'சே' (C) எழுத்து இருந்தால் 'ஷார்ஜ் கோம்ப்ரீஸ்', இதரச் செலவும் சேர்த்தி. அதற்குள்ளே இருப்பது 'ப்ரி', ப்ரோந்த்ர், எடுப்பது. "ஜே ப்ரி ரோந்தேவூ", சந்திப்புக்கு நேரம் எடுத்திருக்கிறேன், என்று நீங்கள் வாரம் ஒருமுறை சொல்லப்போகும் அதே ப்ரி.

எழுதும்போது கடைசியில் ஊமை எழுத்து எது என்று குழம்பினால் பெண்பாலைச் சொல்லிப் பாருங்கள். ப்ரி, ப்ரீஸ்: எஸ். உவேர், உவேர்த்: தே (T). பெரும்பாலும் காது காட்டிக்கொடுத்துவிடும்.

பார்த்தேன், வாசித்தேன், குடித்தேன் மூன்றும் வூ, லூ, பூ மாதிரி ஒலிக்கும், ஆனால் அது நம் 'ஊ' அல்ல. வாய்க்குள் 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ஊதுவது போலக் குவியுங்கள். கண்ணாடி முன் நின்று பழகினால் சிரிப்பு வரும், பழகிவிடும். 'வூ'வை நம் ஊ போலச் சொன்னால் பார்த்தேன் என்பது 'நீங்கள்' ஆகிவிடும்.

படிவங்களில் பிறந்த தேதிக்கு முன் 'நே' (பிறந்தேன்) என்றிருக்கும், அடைப்புக்குறிக்குள் கூடுதலாக ஒரு 'e' எழுத்தோடு. எத்ர் வினை என்பதால் பெண்கள் அதைச் சேர்த்து எழுத வேண்டும். உச்சரிப்பில் மாற்றமில்லை.