அழாதவளின் துக்கத்தைத் திரையில் படிப்பது எப்படி?

கணவனை இழந்த பெண்ணின் கதை என்றதும் ஒப்பாரிக்கும் ஷெனாய் இசைக்கும் நம் காதுகள் தாமாகவே ஆயத்தமாகிவிடுகின்றன. போலந்து இயக்குநர் கிஷ்லோவ்ஸ்கி 1993இல் பிரெஞ்சு மொழியில் எடுத்த 'மூன்று வண்ணங்கள்: நீலம்' படத்தில் அவை இரண்டும் இல்லை. அதனாலேயே முதல்முறை பார்த்தபோது, அரை மணி நேரத்துக்குள் கதாநாயகியைக் கல்நெஞ்சுக்காரி என்று தீர்மானித்துவிட்டேன். அவள் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைக் கவனிக்கத் தொடங்கிய பிறகே படம் பிடிபட்டது.

ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் இப்படத்தை ஒரே அமர்வில், விளக்கை அணைத்து, முடிந்தால் ஹெட்போனோடு பாருங்கள். அண்மையில் துணையை இழந்தவர் உடன் இருந்தால், தொடக்கத்திலேயே கார் விபத்து வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதில் கதைத் திருப்பம் கெட்டுப்போகும் என்ற கவலைக்கு இடமில்லை.

விபத்தில் இசையமைப்பாளரான கணவனும் சிறுமி ஆனாவும் இறந்துபோக, ஜூலி (ஜூலியட் பினோஷ்) மட்டும் பிழைக்கிறாள். இறுதிச் சடங்கை மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி ஒரு குட்டித் தொலைக்காட்சியில்தான் அவளால் காண முடிகிறது. அப்போது அவள் விரல் திரையில் எந்தச் சவப்பெட்டியைத் தொடுகிறது என்று பாருங்கள்: சிறியதை. வீடு திரும்பியதும் கைப்பையில் கிடைக்கும் மகளின் லாலிபாப்பைச் சப்பிச் சுவைக்காமல், கடுகடுவென்று கடித்து நொறுக்கித் தின்கிறாள். வீட்டைவிட்டுப் போகும்போது முரட்டுக் கற்சுவரில் கைவிரல் முட்டிகளைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறாள். மற்றவர்களுக்குக் கண்ணீராக வந்திருக்க வேண்டியது இவளுக்குத் தோல் உரிந்து வருகிறது. பணிப்பெண்ணிடம் ஏன் அழுகிறாய் என்று அவள் கேட்க, நீங்கள் அழவில்லையே, அதனால்தான் என்று விடை வருகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, காதுக்கு வேலை. பேச்சின் நடுவே திரை முழுவதும் இருண்டு, படத்தின் இசையமைப்பாளர் ப்ரைஸ்னரின் இசை இடிபோல் இறங்கும். படத்தில் இப்படி நான்கு முறை நிகழ்கிறது. படம் நின்றுவிட்டதென்று எண்ணி ரிமோட்டைத் தேட வேண்டாம். இருள் விலகும்போது அதே இடமும் அதே பேச்சும் அப்படியே தொடரும். மற்றவர்களுக்கு ஒரு நொடிகூடக் கடந்திராத நேரத்தில் அவள் மட்டும் எங்கோ மூழ்கி எழுந்திருக்கிறாள். ஒவ்வொரு இருளுக்கும் முன்னால் அவளிடம் யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டால், அவள் எதிலிருந்து தப்பி ஓடுகிறாள் என்பது விளங்கும்.

சிற்றுண்டிக் கடையில் ஒரு சர்க்கரைக் கட்டி காப்பியை உறிஞ்சுவதை மிக நெருக்கத்தில் காட்டுகிறார்கள். அது 5 வினாடி அளவில் நனைந்துவிட வேண்டும் என்பதற்காகப் பலவகைக் கட்டிகளைச் சோதித்துத் தேர்ந்ததாக இயக்குநர் விளக்கியிருக்கிறார். அவளைக் காதலிக்கும் ஒலிவியே தேடி வந்திருக்கும் வேளையில் அவள் கவனம் முழுவதும் அந்தச் சிறு கட்டியில் இருப்பதால், இந்தக் காதலின் அப்போதைய நிலைமையை அறிய வசனம் தேவைப்படுவதில்லை.

காதல் படம் என்று நம்பி வந்தவர்கள் கணவனின் ரகசியம் வெளிப்படும் பகுதியில் பொறுமை காக்க வேண்டும். அவனுக்கு இன்னொருத்தி இருந்தாள், அவள் கருவுற்றும் இருக்கிறாள் என்று தெரியும்போது ஜூலி கத்துவதில்லை. பிறகு அந்தப் பெண்ணுக்கு அவள் எதைக் கொடுக்கிறாள் என்பதில்தான் அவள் துக்கம் திசை மாறியது தெரிகிறது. அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை பார்க்கும்போது நீச்சல் குளக் காட்சிகளை மட்டும் வரிசையாக ஓடவிடலாம். அழுகிறாயா என்று தோழி கேட்கையில், இது தண்ணீர் என்கிறாள் ஜூலி. அந்த விடையை நினைவில் வைத்துக்கொண்டு இறுதிக் காட்சிக்குப் போனால், அங்கே அவள் கன்னத்தில் வழிவதற்கு அந்தச் சாக்கைச் சொல்ல அவளுக்குக் குளம் ஏதும் இல்லை.