பழைய நிக்கான் டி90-ஐ மாற்றத்தான் வேண்டுமா?

2008-இல் வெளிவந்த நிக்கான் டி90 கேமரா இன்னும் உங்கள் கையில் இருந்தால், புதியதை வாங்குவதற்கு முன், கடந்த ஓராண்டில் எடுத்த படங்களில் எவை எதனால் வீணாயின என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். குறை மெகாபிக்சலில் இருப்பது அரிது, இதன் 12.3 மெகாபிக்சல் படத்தை 12க்கு 8 அங்குலத்தில் தாராளமாக அச்சிடலாம்.

மங்கிய வெளிச்சத்தில்தான் இதன் வயது தெரியும். இரவில் வீட்டுக்குள் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) 3200-இல் வைத்து ஒரு முகத்தை எடுத்து, கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கித் தலைமுடியைக் கவனியுங்கள்: இழைகள் கரைந்து, நிறப்புள்ளிகள் மொய்த்திருக்கும். இத்தகைய படங்களே உங்களுக்கு அதிகம் என்றால் மாற்றுவது நியாயமே. ஆனால் கேமராவுடன் சேர்ந்தே வரும் கிட் லென்ஸை மட்டும் வைத்திருப்பவர், முதலில் 50 மி.மீ. எஃப்/1.8 (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது) லென்ஸ் ஒன்றை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து, கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்யும்போது கிடைக்கும் எஃப்/5.6 துளையைவிட அது ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும்.

பலர் கவனிக்கத் தவறுவது கைவசமுள்ள லென்ஸ்களைத்தான். டி90-இன் உடலுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களும் தாமாக ஃபோகஸ் ஆகும். அவற்றையே எஃப்டிஇசட் அடாப்டர் (பழைய லென்ஸைப் புதிய உடலில் பொருத்தும் இணைப்பு) வழியாக நிக்கானின் புதிய வகையான, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் இசட் கேமராவில் மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும். அவ்வகை லென்ஸ்கள் பல வைத்திருப்பவருக்கு, உடலிலேயே மோட்டார் உள்ள நிக்கான் டி7500 கேமரா பொருத்தமானது.

வீடியோதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். டி90 தருவது 720பி (முழு எச்டியைவிடக் குறைந்த தெளிவு) மட்டுமே.