கடற்கரை உடம்பு, மலைப் பாலைவனம்: ஆல்புகெர்க்கிக்குக் குடிபோகும் முன்

போன வாரம் என் தங்கை மகள் லாஸ்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகெர்க்கி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கையில் ஒரு நோட்டு. முதல் பக்கம் முழுக்கக் குளிருக்கான சாமான்: ஸ்வெட்டர் நாலு, கம்பளிக் காலுறை ஆறு ஜோடி, குரங்குக் குல்லா. "பெரியம்மா, அங்க பனி கொட்டுமாமே?" என்றாள்.

அந்த ஊரில் 2016இலிருந்து 2023 வரை ஏழு வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்து, உப்புக்காற்றிலும் வேர்வையிலும் ஊறிய உடம்பு. அவளை உட்கார வைத்துச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து போகிற எல்லாரும் குளிருக்குப் பயந்து மூட்டை கட்டுகிறார்கள். பனி சில நாள் விழும், வெயில் வந்ததும் மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். நம்மைப் போட்டு வாட்டுவது அந்த ஊரின் வறட்சி. அதற்கு வழி தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழகிவிடும்.

முதலில் ஊரின் கிடை. 2020 கணக்கெடுப்பில் 5,64,559 பேர் இருந்த நகரம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர், அதாவது ஏற்காட்டைவிடச் சற்று உயரம். ஆனால் ஏற்காட்டுப் பச்சையை எதிர்பார்த்துப் போனால் மனம் உடைந்துவிடும். வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் 22, 23 செ.மீ.தான். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த ஊருக்கு அது இரண்டு வருஷ மழை.

நமக்குக் கிழக்கே கடல். அங்கே கிழக்கே மலை, சாண்டியா. உச்சி 3,255 மீட்டர், நம் ஆனைமுடியைவிட உயரம். ஊரில் எங்கே நின்றாலும் மலை தெரியும், அதனால் திசை தப்பாது. கடலூர் சில்வர் பீச்சில் சூரியன் தண்ணீரிலிருந்து எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு, விடிந்து வெகுநேரம் கழித்து மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வருவது புதிதாக இருக்கும். சாயங்காலம் அந்த மலை முழுக்க இளஞ்சிவப்பாகும். சாண்டியா என்றால் ஸ்பானிஷ் மொழியில் தர்ப்பூசணி. அறுத்த பழம் மாதிரியே இருக்கும். ஏழு வருஷத்தில் ஒரு நாளும் எனக்கு அது அலுக்கவில்லை.

முதல் மாதம் உடம்புக்கு

போன இரண்டாவது வாரம், விடிகாலையில் என் மகன் தலையணையில் ரத்தம். பதறிப்போய்விட்டேன். மூக்கின் உள்தோல் காய்ந்து வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கே புதிதாக வருகிறவர்கள் பலருக்கும் நடக்கிறது. ராத்திரி படுக்கும்முன் ஒரு சொட்டு தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு மூக்கின் உள்விளிம்பில் தடவுங்கள். படுக்கையறையில் ஈரப்பதம் தரும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். அது வாங்கும்வரை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஈரத்துண்டை நாற்காலியில் விரித்துப் போட்டு நான் சமாளித்தேன்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நம் ஊரில் வேர்வை வழிவதைப் பார்த்துத் தண்ணீர் குடிப்போம். அங்கே வேர்வை தோலுக்கு வருமுன் காற்று குடித்துவிடும், உடம்பு காய்வது தெரியவே தெரியாது. கடலோரத்தில் இழுக்கிற மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஆறில் ஒரு பங்கு அங்கே குறைவு. முதல் இரண்டு வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். அந்த நாட்களில் பெட்டி தூக்குவது, ஓடுவது வேண்டாம். இதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால், டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் இந்த உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். வெயிலும் நம்மூர் வெயிலைவிடச் சுள்ளென்று தோலைப் பிடிக்கும், காற்று குளிராக இருந்தாலும் சரி. தொப்பி இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

அடுப்படியில்

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. முதல் நாள் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் நின்றேன். தோலுரிந்த பருப்பு அப்படியே நறுக்கென்று இருந்தது. அதனால் குக்கர் இல்லாமல் போகவே கூடாது. இங்கே மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. கொண்டைக்கடலைக்கு ராத்திரி முழுக்க ஊறல் கட்டாயம். வடித்த சோறு ஆக்குகிறவர்கள் தண்ணீரையும் நேரத்தையும் தாராளமாக வைக்க வேண்டும்.

இட்லி மாவு என்னை அழ வைத்தது. ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் சட்டி வழிய நிற்கும் மாவைப் பார்த்தே வளர்ந்தவள். அங்கே டிசம்பரில் முதல் மாவு, இரண்டு நாள் ஆகியும் வைத்த அளவிலேயே கிடந்தது. மேலே மட்டும் ஆடை கட்டி, காய்ந்த ஏரி மாதிரி வெடித்திருந்தது. பிறகு இப்படிப் பழகிக்கொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைப்பேன். பாத்திரத்தின் வாயில் ஈரத்துணி கட்டி, அதன்மேல் மூடி போடுவேன். ஓவனைப் பற்ற வைக்காமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வைத்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் நம்மூர் மாவு மாதிரியே பொங்கிவிடும்.

வறட்சியின் மறுபக்கமும் அடுப்படியில்தான் தெரியும். பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்தால் மறுநாளும் நொறுங்கும். உப்பு கட்டி தட்டாது, பருப்புப்பொடி மாதக் கணக்கில் கெடாது. வடாம் பிழிந்தால் ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். துணி கொடியில் போட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் எடுத்து மடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாமல் வீடெல்லாம் முடை நாற்றம் அடிக்கும் நமக்கு இது பெரிய வரம்.

மிளகாய் நம்மை அந்த ஊரோடு ஒட்ட வைக்கும். ஆகஸ்ட் கடைசியில் ஹாட்ச் என்ற ஊரிலிருந்து பச்சைமிளகாய் மூட்டை மூட்டையாக வரும். கடை வாசலில் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் கொட்டி, கேஸ் நெருப்பைப் பாய்ச்சிக் கூண்டைச் சுற்றுவார்கள். தெருவெல்லாம் கருகின மிளகாய் வாசனை. தோலை உரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு நான் வருஷம் முழுக்கத் துவையல் அரைத்தேன். எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள், எந்த மிளகாய்க் குழம்பு வேண்டும் என்று அர்த்தம். அது அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியே. இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்லுங்கள்.

ஆனால் மீன் கிடையாது. தேவனாம்பட்டினத்தில் வலையிலிருந்து இறங்கிய சங்கராவைச் சாப்பிட்ட வாய்க்கு, ஐஸில் உறைந்த மீன் மரக்கட்டைதான். இதற்கு நான் வழி கண்டுபிடிக்கவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் முதல் வேலை மீன்குழம்புதான்.

வீடு பார்க்கும்போது

வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஏசியா, ஸ்வாம்ப் கூலரா என்பது. ஸ்வாம்ப் கூலர் என்றால், கூரைமேல் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஈரமான பட்டைகள், ஒரு விசிறி. காய்ந்த காற்று அந்த ஈரத்தின் வழியாக உள்ளே வரும்போது குளிர்ந்துவிடும். நம் மண்பானையும் வெட்டிவேர்த் தட்டியும் செய்கிற வேலைதான். கடலூரில் காற்றே ஈரமாக இருப்பதால் இது அவ்வளவாகப் பலிக்காது, அங்கே பிரமாதமாக வேலை செய்யும், கரண்ட் செலவும் ஏசியைவிடக் குறைவு.

முதல் கோடையில் ஏசி என்று நினைத்து எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு அதைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் வீடு கசகசவென்று ஆகி, சுவரில் கை வைத்தால் ஈரம். பக்கத்து வீட்டில் ஸ்பானிஷ் பேசும் ஒரு பாட்டியம்மா இருந்தார். உள்ளே வந்தார், ஒன்றும் பேசவில்லை, எதிர்ப்பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் வீடு குளிர்ந்தது. வந்த காற்று வெளியே போக வழி விட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பேர் கூலரைக் குறை சொல்கிறார்கள். இன்னொன்று, அக்டோபரில் தண்ணீர் உறையுமுன் கூலரின் குழாயை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் மழை நாட்களில் மட்டும் கூலர் சோர்ந்துபோகும். குழந்தையோ முதியவரோ இருந்தால் ஏசி உள்ள வீடே பாருங்கள்.

ரியோ கிராண்டே ஆற்றுக்கு மேற்கே வாடகை குறைவு. வேலை கிழக்கே இருந்தால் காலையில் பாலத்தில் நெரிசல். போகும்போதும் வரும்போதும் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். படிக்கப் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தையொட்டி, சென்ட்ரல் அவென்யூ பக்கமே பாருங்கள். நகரப் பேருந்தில் 2022இலிருந்து டிக்கெட் கிடையாது. கார் இல்லாமல் அந்தப் பகுதியில் காலம் தள்ளலாம், மற்ற இடங்களில் கார் இல்லாமல் கஷ்டம். கார் வாங்கினால் பூட்டுகிற கராஜ் உள்ள வீடாகப் பாருங்கள். கார்த் திருட்டு அதிகம். தண்ணீர்ப் பாட்டில் வைத்திருந்த ஒரு பையை எடுக்க எங்கள் கார்க் கண்ணாடியை உடைத்தார்கள். காருக்குள் துணிப்பை கூடத் தெரியும்படி வைக்காதீர்கள்.

சைக்கிள் வாங்குகிறவர்கள் டயருக்குள் ஓட்டை அடைக்கும் பசை ஊற்றிக்கொள்ளுங்கள். அம்மா வந்திருந்தபோது செருப்பில் குத்திய முள்ளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அடியே, இது நம்மூரு நெருஞ்சிடி!" என்று கத்தினாள். நிஜமாகவே அதே செடிதான், கடல் தாண்டி வந்து அங்கே எல்லா மண்பாதையிலும் படர்ந்திருக்கிறது.

காற்றும் மழையும்

மார்ச்சிலிருந்து மே வரை புழுதிக்காற்று. ஜன்னல் இடுக்கெல்லாம் மண். அதற்குச் சற்று முன்பே ஜூனிப்பர் மரத்து மகரந்தம் பறக்கும். தும்மல், கண்ணெரிச்சல் உள்ளவர்களுக்கு அது கெட்ட காலம். ஆஸ்துமா மருந்தைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் பற்றாக்குறை உள்ள மாநிலம், மகனின் மூக்கைக் காட்ட எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் தேதி கொடுத்தார்கள். அதனால் போன முதல் வாரத்திலேயே ஒரு குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்ளுங்கள், நோய் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

வருஷ மழையில் பாதிக்குக் கிட்ட ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். அங்கேயும் அதை மான்சூன் என்றே சொல்கிறார்கள். மலையில் பெய்தால் போதும், உங்கள் தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கும்போதே அர்ரோயோ எனப்படும் காய்ந்த ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும். காய்ந்த ஓடைதானே என்று பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், ஆனால் நம் வெள்ளம் ரேடியோவில் சொல்லிவிட்டு வரும். இது சொல்லாமல் வரும்.

2022 கோடையில் ரியோ கிராண்டே நகரத்துக்குள்ளேயே காய்ந்தது. நாற்பது வருஷத்தில் அப்படி ஆனதில்லையாம். ஜனங்கள் கரையில் நின்று வாய்விட்டு அழுததைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கெடிலம் ஆற்றில் மணல் மட்டும் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது உறைத்தது. 2008 கடைசியிலிருந்து அந்த ஊர் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, கொலராடோ ஆற்றுப் படுகையிலிருந்து மலைக்கடியில் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்காதீர்கள், தோட்டத்தில் புல் வளர்க்காதீர்கள். புல்லைப் பிடுங்கினால் குடிநீர் வாரியமே பணம் தருகிறது.

யார் போகலாம்

படிக்கப் போகிறவர்கள் தயங்க வேண்டாம். வாடகை கலிஃபோர்னியாவோடு ஒப்பிட்டால் பாதாளம், மனிதர்கள் நின்று பேசுகிறவர்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பெரிய முதலாளி சாண்டியா தேசிய ஆய்வகம். அணு ஆயுத வேலை நடக்கும் இடம், பெரும்பாலான பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். விசாவில் இருப்பவருக்கு அந்தக் கதவு சாத்தியே இருக்கும். பல்கலைக்கழகம், மருத்துவமனை, பக்கத்து ஊரான ரியோ ராஞ்சோவில் இன்டெல் ஆலை, இவற்றில் கணவன் மனைவி இருவருக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று வருஷம் வேலை கிடைக்கவில்லை. தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பதினைந்துதான். பொங்கலுக்கு எல்லாரும் ஒரே வீட்டில் அடங்கிவிடுவோம். கூட்டம் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் டல்லாஸ் பக்கம் போவதே நல்லது. சென்னையிலிருந்து போக, பெரும்பாலும் இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும். வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் ஓடி வர முடியாது என்பதைப் பெற்றவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது விளக்கு வைக்கிற நேரம். தங்கை மகள் நோட்டில் கம்பளிக் காலுறையை அடித்துவிட்டாள். ஸ்வெட்டர் நாலை ரெண்டாக்கினாள். மிச்சமான எடைக்கு ஐந்து லிட்டர் குக்கர், அதற்கு இரண்டு கேஸ்கெட், செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் ஒரு லிட்டர், அரை கிலோ வறுத்த மல்லாட்டை என்று எழுதிக்கொண்டாள். பான்பரி மார்க்கெட் சாத்துவதற்குள் போய்விடலாம் என்று இருவரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.