பெரிய முதுகுப்பையுடன் விமானம் ஏறுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

முதுகுப்பை வாங்கும்போது பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது லிட்டர் கணக்கைத்தான். 40 லிட்டர் என்று போட்டிருந்தால் கேபினுக்குள், அதாவது பயணிகள் உட்காரும் பகுதிக்குள், கொண்டு போய்விடலாம் என்ற நம்பிக்கை. என் முதல் பையையும் நான் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் விமான நிறுவனங்கள் லிட்டரைப் பார்ப்பதில்லை. உயரம், அகலம், தடிமன் என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கின்றன. பரவலாக இருக்கும் ஓர் அளவு 55 × 40 × 20 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் 44 லிட்டர் வரும். மலையேற்றத்துக்கென்று தைத்த 40 லிட்டர் பையோ ஒல்லியாக, நெடுக இருக்கும், 60 செ.மீ. உயரத்தைத் தாண்டுவது சாதாரணம். அதற்கு உள்ளே அலுமினியக் கம்பி இருந்தால் மடக்கவும் முடியாது.

எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு என்று ஒன்றும் கிடையாது. சிலர் 55 × 35 × 25 என்பார்கள், சிலர் 56 × 45 × 25 வரை விடுவார்கள். 2015-ல் ஐயாட்டா எனப்படும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 55 × 35 × 20 என்று ஒரே அளவைப் பரிந்துரைத்துப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தந்த நிறுவனத்தின் விதியைப் படித்தே ஆக வேண்டும். வழியில் விமானம் மாறுகிறீர்கள் என்றால், இரண்டில் எது கெடுபிடியோ அதுதான் உங்கள் அளவு. மலிவான டிக்கெட்டுகள் சிலவற்றில் முன் இருக்கைக்கு அடியில் நுழையும் சின்னப் பை ஒன்றுக்கு மட்டுமே அனுமதி. அதைக் கவனிக்காமல் போய் விமானம் ஏறும் வாசலில் மாட்டினால், முன்கூட்டியே கட்டுவதைவிடப் பெரும்பாலும் அதிகமாகக் கேட்பார்கள்.

காலிப் பையை அளப்பது அடுத்த தவறு. எல்லாவற்றையும் அடைத்து, ஜிப்பை இழுத்து மூடிய பிறகு அளவுநாடாவை எடுங்கள். ஒருமுறை நான் கிளம்பும் அவசரத்தில் முன்பக்கப் பாக்கெட்டில் ஒரு ஜாக்கெட்டைத் திணித்துவிட்டேன். உயரமும் அகலமும் சரியாகவே இருந்தன. ஆனால் அளவு பார்க்கும் இரும்புச் சட்டத்துக்குள் பை இறங்கவில்லை. பின்னால் வரிசை காத்திருக்க, தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டதும் பை உள்ளே போய்விட்டது. துணிப்பையில் இருக்கும் பெரிய வசதியே அது அமுங்கும் என்பதுதான். மூச்சு முட்ட அடைத்தால் அந்த வசதி போய்விடும்.

எடை விஷயத்தில், பல நிறுவனங்களின் வரம்பு 7 கிலோ. கம்பியும் இடுப்புப் பட்டையும் வைத்த பையே ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். மிச்சம் ஐந்து கிலோதான் உங்களுடையது. தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். விதிப்படி சரியான பையாக இருந்தாலும், விமானத்தில் இடம் இல்லையென்றால் கதவருகே வாங்கி, கீழே சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். சின்ன விமானங்களில் இது அடிக்கடி நடக்கும். அப்போது பலர் பவர் பேங்க்கைப் பைக்குள்ளேயே விட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். லித்தியம் பேட்டரி கேபினில் தீப்பிடித்தால் ஊழியர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும். சரக்கு அறையில் அப்படிக் கை வைக்க முடியாது. அதனால்தான் பவர் பேங்க் பயணியோடு கேபினில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலை வாட்-ஹவரில் கணக்கிடுவார்கள். 100 வாட்-ஹவர் வரை பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம், 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும் பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-ஹவர்தான். பவர் பேங்க், பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி ஆகியவற்றை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, பெரிய பையின் மேற்பகுதியில் வையுங்கள். பையைக் கேட்டால் அதை மட்டும் உருவிக்கொள்ளலாம். அப்புறம், தொங்கும் பட்டைகளை எல்லாம் உள்ளே செருகிவிட்டுக் கொடுங்கள். கன்வேயரில் சிக்கினால் பட்டை அறுந்துவிடும்.

பாதுகாப்புச் சோதனையில் மலையேறுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். கூர்முனை ஊன்றுகோல், கூடார ஆணி, கத்தி எல்லாம் பறிபோகலாம். அடுப்புக்கான கேஸ் குப்பிக்கு விமானத்தில் எங்குமே இடமில்லை. பல விமான நிலையங்களில் திரவத்துக்கு 100 மி.லி. வரம்பு இன்னும் உண்டு. அங்கே கணக்கு பாட்டிலின் கொள்ளளவுக்குத்தான். 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி ஷாம்பு இருந்தாலும் விடமாட்டார்கள்.

விமானத்துக்குள் பையை முதுகில் மாட்டியபடி நடக்காதீர்கள். நீங்கள் திரும்பும்போது பை எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. உட்கார்ந்திருப்பவரின் முகம் சரியாக அந்த உயரத்தில் இருக்கும். கொக்கி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கதவருகிலேயே கழற்றி, முன்னால் பிடித்துக்கொண்டு போங்கள். வீட்டிலேயே ஒருமுறை பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். கை நடுங்கினால் இரண்டு சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மறுபடி தூக்கிப் பாருங்கள்.