கோல்ஃபில் குனியாமல் பட் அடிக்க, பழைய பட்டரை நீட்டிய விதம்

கும்பகோணத்தில் முதுகுத் தேய்மானம் உள்ள ஒரு பெரியவருக்காக, 34 அங்குல பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கோல்ஃப் மட்டை) 46 ஆக்கினேன்.

பிடியை அறுத்தெடுத்து, தண்டின் உள்வாயை உப்புத்தாளால் தேய்த்தேன். உள்ளே இறுக்கமாகப் போகும் அலுமினியக் குழாயை 10 செ.மீ. இறக்கி அரால்டைட்டில் ஒட்டி, ஒரு நாள் தொடவில்லை. ஐப்பசி ஈரத்தில் துடைக்காமல் ஒட்டினால் பிடிக்காது. நீட்டினால் தலைப்பக்கம் கனக்கும். மேல்முனைக்குள் ஈயத்துண்டு வைத்துச் சரிக்கட்டலாம்.

தண்டை நீட்டியதும் வேலை முடிந்துவிடாது. நிமிர்ந்து நின்று கையை உடம்போடு ஒட்டினால் தண்டு செங்குத்தாகி, தலையின் குதிகால் (தண்டுப் பக்க முனை) தரையை விட்டு எழும்பும், பந்தை அடிக்கும் முகமும் திரும்பும். பத்தடி தூரத்தில் ஒரு டிகிரி திரும்பினாலே பந்து 5.3 செ.மீ. விலகும், குழியின் பாதி அகலமே 5.4 தான்! அதனால் தண்டும் தலையும் சேரும் கழுத்தை, தரையிலிருந்து 78 டிகிரிக்கு வளைத்தேன். மென் எஃகு வளையும், துத்தநாக வார்ப்பு விரிசல் விட்டுவிடும். செங்குத்திலிருந்து 10 டிகிரியாவது சாய்வு வேண்டுமென்பது கோல்ஃப் விதி.

விரல் மடங்காதவருக்குப் பருத்த பிடி நல்லது. பிடியின் பருமனுக்கு விதியின் உச்ச வரம்பு 44.45 மி.மீ. பந்தை எடுக்கப் பிடிமுனையில் ரப்பர் உறிஞ்சி. பிடிமுனையை மார்பில் ஊன்றி அடிப்பதற்கு 2016 முதல் தடை உண்டு.

பழக, கோரைப்பாய் வேண்டாம். கோரை வரி பந்தை இழுத்துப் போகும். கல்யாண மண்டபத்துப் பச்சைக் கம்பளம் போதும்.