சோற்றைக் குறைப்பதா, கார்டியோவைக் கூட்டுவதா? கட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆணழகன் போட்டிக்கு மூன்று நான்கு மாதம் இருக்கும்போது கட்டிங் தொடங்கும், அதாவது தசையைக் காத்துக்கொண்டு கொழுப்பை மட்டும் இறக்கும் வேலை. அப்போது எல்லா ஜிம்மிலும் இந்தப் பேச்சு ஓடும். ஒரு மாஸ்டர் "சாப்பாட்டைக் கட் பண்ணு, தானா இறங்கும்" என்பார். இன்னொருவர் "நல்லா சாப்பிடு, காலையும் மாலையும் கார்டியோ போடு" என்பார். கார்டியோ என்றால் ஓட்டம், வேக நடை, சைக்கிள் போல மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி. இரண்டு பேருமே அவரவர் வழியில் ஆட்களை மேடை ஏற்றியிருப்பார்கள். காரணம் எளிது. உடம்புக்குள் வரும் ஆற்றல் செலவாவதைவிடக் குறைவாக இருந்தால் கொழுப்பு இறங்கும். அந்தப் பற்றாக்குறை தட்டில் வந்ததா, ட்ரெட்மில்லில் வந்ததா என்பது கொழுப்புக்கு ஒன்றுதான். தசைக்கும் பசிக்கும் தூக்கத்துக்கும் முழங்காலுக்கும் ஒன்றல்ல.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பற்றாக்குறையின் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வரட்டும். நடை அதற்குத் துணையாக இருக்கட்டும். வெயிட் டிரெய்னிங்கைக் கலோரி எரிக்கும் வேலைக்கு இழுக்கவே கூடாது. பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

இதில் தின்றதை அதில் எரித்துவிடலாம் என்ற கணக்கு

80 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி. அதே தூரத்தை ஓடினால் 350, 400 என்று வரும். சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. ஆக, ஒரு மணி நேர நடையை இரண்டு கரண்டி எண்ணெய் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நடையை மட்டும் நம்பி அதைக் கரைப்பதென்றால் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் அந்த 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதுவும் சாப்பாட்டில் ஒரு பருக்கைகூடக் கூடாமல்.

உடம்பு இந்தக் கணக்கைக்கூட அப்படியே விட்டுவைப்பதில்லை. காலையில் கடுமையாகக் கார்டியோ போட்டவர் பகலில் மாடிப்படி ஏறாமல் லிஃப்டைத் தேடுவார், பக்கத்துக் கடைக்கும் வண்டியை எடுப்பார், மதியம் சாய்ந்துவிடுவார். அவருக்கே இது தெரியாது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களின் தினசரி ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு அளந்து 2012இல் வெளியிட்டது. அவ்வளவு நடந்தும், உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவர்களுடைய மொத்தச் செலவு மேற்கத்திய நகரவாசிகளின் செலவையே ஒட்டியிருந்தது. உடம்பு எந்த அளவுக்கு இப்படி ஈடுகட்டிக்கொள்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஈடுகட்டிக்கொள்கிறது என்பது மட்டும் உறுதி. அதனால் கார்டியோ எத்தனை நிமிடம் என்று எழுதி வைப்பவர், நாள் முழுக்க எத்தனை அடி நடந்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். கார்டியோ கூடியும் மொத்த அடிகள் குறைந்திருந்தால் அந்த உழைப்பின் பாதி காற்றில் போனது.

வாட்ச் காட்டும் எண்ணை நம்பிச் சாப்பிடுவது

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இதயத்துடிப்பை அவை ஓரளவு சரியாகவே காட்டின. கலோரியில்தான் கோளாறு. இருப்பதிலேயே துல்லியமான கருவிக்குச் சராசரியாக 27 சதவீதப் பிழை. மோசமானதற்கு 93 சதவீதம். ட்ரெட்மில் திரை காட்டும் எண்ணில் நீங்கள் சும்மா நின்றாலும் செலவாகியிருக்கும் கலோரியும் சேர்ந்திருக்கும். சாய்வை 12இல் வைத்துவிட்டு முன்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நடப்பவரைப் பற்றி இயந்திரத்துக்கு எதுவும் தெரியாது. அவருக்கும் அதே எண்ணைத்தான் காட்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை கலோரிக் கணக்குப் போடும் செயலிகளில் இருக்கிறது. தொடக்கத்தில் "மிகவும் சுறுசுறுப்பானவர்" என்று குறித்துவிட்டால், உடற்பயிற்சிக்கான கலோரி அப்போதே தினசரிக் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் வாட்ச் "இன்று 450 எரித்தீர்கள்" என்றதும் அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே உழைப்புக்கு இரண்டு முறை கூலி வாங்கியது போல ஆகும். சாப்பாட்டை எப்படிக் குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 1992இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் தின்றதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இருந்திருக்கத் தேவையில்லை. மனக்கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே சாயும்.

முதல் நாளே எல்லாவற்றையும் இறக்கிவிடுவது

எனக்குத் தெரிந்து இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. 2,700 கலோரியில் எடை நிலையாக இருக்கும் ஒருவர் திங்கட்கிழமை முதல் 1,700க்கு இறங்குகிறார். கூடவே தினமும் ஒரு மணி நேரம் கார்டியோ. முதல் வாரம் மூன்று கிலோ இறங்கும், ஊரே பாராட்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து குறையும்போது அதோடு ஒட்டியிருக்கும் நீரும் சேர்ந்து வெளியேறும். நான்காவது வாரம் எடை நிற்கும். இனி எதைக் குறைப்பது? சாப்பாட்டில் குறைக்க இடமில்லை, கார்டியோவைக் கூட்ட உடம்பில் தெம்பில்லை. போட்டிக்கு இன்னும் பத்து வாரம் பாக்கி.

எடை நிற்பதே பல நேரம் போலித் தோற்றம்தான் என்பது அடுத்த சிக்கல். திடீரென்று கார்டியோவைக் கூட்டினால் புண்பட்ட தசைகள் நீரைப் பிடித்து வைக்கும். முதல் நாள் இரவு உப்பு தூக்கலாகச் சாப்பிட்டிருந்தாலும் அப்படித்தான். பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டி இரண்டு கிலோ வரைகூட ஏறி இறங்கலாம். ஒரு நாள் எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். தினமும் காலையில் கழிப்பறை போய் வந்தபின் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இடுப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து இரண்டும் அசையவில்லை என்றால்தான் அது தேக்கம்.

எவ்வளவு வேகம் சரி? வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் என்பது ஸ்டீராய்டு போன்ற மருந்து எடுக்காத பாடிபில்டர்களுக்கான போட்டித் தயாரிப்பு பற்றி 2014இல் வந்த ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பின் பரிந்துரை. 80 கிலோக்காரருக்கு வாரம் 400 முதல் 800 கிராம். நார்வேயில் உயர்மட்ட விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை வாரம் 0.7 சதவீதமும் மற்றதை 1.4 சதவீதமும் இறக்கும்படி வைத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், மெதுவாக இறக்கியவர்கள் எடை குறையும்போதே தசையைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். வேகமாக இறக்கியவர்களுக்கு அது நடக்கவில்லை.

அதனால் முதலில் சாப்பாட்டில் 400 கலோரி அளவு குறைத்து, இப்போது நடக்கும் அடிகளை மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிஜமான தேக்கம் வரும்போது அரை மணி நேர நடையைச் சேர்க்கலாம், அல்லது இன்னொரு 150 கலோரியை எடுக்கலாம். இரண்டையும் சேர்த்து வேண்டாம்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 1,700 கலோரியிலேயே எடை நிலையாக நிற்கலாம். அவரிடம் போய் 600 குறைக்கச் சொன்னால் 1,100 கலோரிக்குள் புரோட்டீனும் கொழுப்பும் காய்கறியும் அடங்காது. சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே நன்றாகக் கொழுப்பு வற்றியவர்களுக்கும் சாப்பாட்டைவிட நடையைக் கூட்டுவதே மேல். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ கட்டிங் நன்றாகப் போவதன் அடையாளம் அல்ல; உடம்புக்கு ஆற்றல் போதவில்லை என்ற எச்சரிக்கை. அப்போது சாப்பாட்டை ஏற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெயிட்டைக் குறைத்து ரெப்பைக் கூட்டுவது

"கட்ஸ் வரணும்னா லைட் வெயிட், 25 ரெப்" என்ற அறிவுரை இன்னும் சாகவில்லை. ரெப் என்றால் ஒரு செட்டில் நிறுத்தாமல் எத்தனை முறை தூக்குகிறோம் என்ற எண்ணிக்கை. தசையில் கோடு தெரிவது மேலே இருக்கும் கொழுப்பு போவதால். அதற்கும் ரெப் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. எந்தப் பாரம் அந்தத் தசையைக் கட்டியதோ, சாப்பாடு குறையும் காலத்தில் அதே பாரம்தான் அதைக் காப்பாற்றும். பெஞ்ச் பிரஸ்ஸில் 90 கிலோ போட்டவர் திடீரென்று 50க்கு இறங்கி, செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே ஓய்வில்லாமல் வியர்க்க வியர்க்கச் செய்தால், அது இரும்பை வைத்துச் செய்யும் சுமாரான கார்டியோ. களைப்பு தாங்கவில்லை என்றால் செட்டுகளைக் குறையுங்கள், ஐந்துக்குப் பதில் மூன்று போடுங்கள். கம்பியில் இருக்கும் எடையை முடிந்தவரை விடாதீர்கள். வாராவாரம் எல்லாப் பயிற்சியிலும் பலம் விழுந்துகொண்டே போனால் பற்றாக்குறை அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

ஓட்டத்தை அளவு மீறிச் சேர்ப்பதிலும் இதே ஆபத்து. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் ஒரு குழுவுக்கு வலிமைப் பயிற்சியையும் கடுமையான ஓட்டம், சைக்கிள் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பத்து வாரம் கவனித்தார். ஏழெட்டு வாரம் வரை கால் வலிமை ஏறியது, பிறகு நின்று இறங்கத் தொடங்கியது. வெறும் வலிமைப் பயிற்சி செய்தவர்களுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. அது வாரத்தில் ஆறு நாள் உயிரை வாங்கும் கார்டியோ என்பதையும் சொல்லியாக வேண்டும். வேக நடையோ மிதமான சைக்கிளோ அந்த அளவுக்குக் கெடுக்காது. கால்களுக்கு வெயிட் பயிற்சி செய்த நாளுக்கு மறுநாள் காலை ஓட்டப் பந்தயம் போல ஓடாமல் இருந்தால் சரி.

சோற்றை நிறுத்திவிட்டு மற்றதை அளக்காமல் விடுவது

நம் ஊரில் டயட் என்றாலே சோறு நிற்கும், சப்பாத்தி வரும். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 340. நாலு சப்பாத்திக்கு 120 கிராம் மாவு, சுடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஒரு கிண்ணம் சோற்றைவிட அது நிச்சயம் அதிகம். சோறு எதிரி இல்லை, அளக்காமல் போடுவதுதான் எதிரி.

அளக்கும்போதும் ஒரு குழி இருக்கிறது. 100 கிராம் அரிசி வெந்தால் 280, 300 கிராம் சோறாகும். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி அளவுதான். வெந்ததை நிறுத்து, செயலியில் வேகாத அரிசிக் கணக்கில் போட்டால் பட்டினி. பச்சையாக நிறுத்து வெந்த கணக்கில் போட்டால் மூன்று மடங்கு சாப்பாடு. கோழிக்கு நேர்மாறு, அது வெந்தால் சுருங்கும். எப்போதும் பச்சையாக நிறுத்துப் பழகுவது நல்லது. பாதாமும் வேர்க்கடலையும் "ஹெல்தி" என்பதால் கைநிறைய அள்ளுகிறார்கள். வேர்க்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது.

குறைக்கும்போது முதலில் எண்ணெயும் சர்க்கரையும் நொறுக்குத்தீனியும் போகட்டும், பிறகு சோற்றில் கொஞ்சம். புரோட்டீன் குறையவே கூடாது. 80 கிலோக்காரருக்கு தினமும் 150, 160 கிராம் என்பது நல்ல இலக்கு. இது சாம்பாரில் வராது. ஒரு வேளைக்கு விழும் 30 கிராம் பருப்பில் ஆறேழு கிராம்தான். முட்டைக்கு 6 கிராம், தோல் நீக்கிய பச்சைக் கோழி மார்பு 100 கிராமுக்கு 23 கிராம் போல, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமுக்கு 25 கிராமுக்குக் கொஞ்சம் மேல். சைவர்களுக்குச் சோயாவும், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடரும் இல்லாமல் கஷ்டம்தான்.

இங்கே கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வைப் பலர் இழுத்துக்கொண்டு வருவார்கள். 2016இல் வெளியானது. தேவையில் 40 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டு, வாரம் ஆறு நாள் கடும் பயிற்சி செய்த இளைஞர்களில், ஒரு கிலோ எடைக்கு 2.4 கிராம் புரோட்டீன் எடுத்தவர்கள் நான்கு வாரத்தில் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, தசையை 1.2 கிலோ கூட்டினார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் எடை கூடியிருந்தவர்கள், பல வருடம் வெயிட் தூக்கிப் பழகியவர்கள் அல்ல, சாப்பாடும் ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்தது. ஐந்து வருடம் ஜிம் போய் ஏற்கெனவே வற்றிய உடம்போடு நிற்பவர் அதையே மூன்று மாதத்துக்கு நீட்டிப் பார்க்கக் கூடாது.

சில்லறைத் தவறுகள்

தொப்பைக்கென்று தனியாக நூறு கிரஞ்சஸ் போட்டால் வயிற்றுத் தசை பலப்படும், மேலே இருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் இறங்காது. பிளாஸ்டிக் ஜாக்கெட்டில் இறங்குவது தண்ணீர். ஃபேட் பர்னர் மாத்திரைகளில் பெரும்பாலும் வேலை செய்வது காஃபின், அதைக் கடைக் காபியிலேயே வாங்கலாம். கடைசி வாரத்தில் உடம்பிலிருக்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் டையூரெடிக் மாத்திரையைத் தானாகப் போடுவது உயிர் விஷயம். 1992இல் முகமது பெனசிசா என்ற தொழில்முறை பாடிபில்டர் போட்டி முடிந்த கையோடு உடலில் நீர் வற்றி இறந்தார்.

தூக்கம் சில்லறை இல்லை, ஆனால் அப்படித்தான் நடத்துகிறார்கள். நாலரை மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் கார்டியோ போடுவதற்காக ஐந்து மணி நேரம் தூங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். 2010இல் வந்த சிறிய ஆய்வு ஒன்றில் ஒரே கலோரியில் இருந்தவர்களை எட்டரை மணி நேரம் தூங்க வைத்தும் ஐந்தரை மணி நேரம் தூங்க வைத்தும் பார்த்தார்கள். எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. தூக்கம் குறைந்தபோது இறங்கியதில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் குறைந்து, தசை உள்ளிட்ட மற்றவற்றின் இழப்பு 60 சதவீதம் கூடியிருந்தது.

முடிந்த மறுநாள்

மேடையிலிருந்து இறங்கியதும் கார்டியோவை மொத்தமாக நிறுத்தி, சாப்பாட்டை மொத்தமாகத் திறந்துவிடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. மருந்து எடுக்காத ஒரு போட்டியாளரை ஒரு வருடம் தொடர்ந்து அளந்து 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆறு மாதத் தயாரிப்பில் அவருடைய கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5க்கு இறங்கியது. கூடவே ஓய்வு நேர இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 53இலிருந்து 27க்கும், டெஸ்டோஸ்டிரோன் கால்வாசிக்கும் விழுந்தன. போட்டிக்குப் பின் ஆறு மாதம் கழித்தும் வலிமை முழுதாகத் திரும்பவில்லை. இந்த நிலையில் இருக்கும் உடம்புக்கு நிறையச் சாப்பாடு தேவை, உடனே தேவை. ஆனால் தினமும் செய்த ஒரு மணி நேர நடையை அதே வாரத்தில் பூஜ்யமாக்கத் தேவையில்லை. முதல் வாரம் சோற்றைக் கணிசமாக ஏற்றுங்கள், நடை அப்படியே இருக்கட்டும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் பத்துப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்த நாட்களில் எடை மூன்று நான்கு கிலோ ஏறினால் பயந்து மறுபடி டயட்டில் உட்கார வேண்டாம், அதில் பெரும்பகுதி திரும்பி வரும் தண்ணீர்தான்.