காற்றாலைக் கணக்கு வெளியே போகட்டும், உள்ளே எதுவும் வர வேண்டாம்

கயத்தாறு, பணகுடிப் பக்கம் ஆடிக் காற்று அடிக்கும்போது உற்பத்திக் கணக்கு உடனுக்குடன் ஆபீஸுக்கு வேண்டும். அதற்காகக் காற்றாலையின் கட்டுப்பாட்டு நெட்வொர்க்கை இன்டர்நெட்டோடு கோத்துவிடாதீர்கள். உள்ளே வருவதை வடிகட்டும் ஃபயர்வால் இருக்கிறதே என்பார்கள். அதில் யாராவது ஒரு விதியை மாற்றினால் தீர்ந்தது. ஒரு பக்கமாக மட்டுமே தகவல் போகும்படி இணைத்த கம்பியைத்தான் நான் நம்புவேன்.

ஈதர்நெட் வயரில் வருவதை ஒளியாக மாற்றி ஃபைபர் இழையில் அனுப்பும் பெட்டிதான் ஃபைபர் மீடியா கன்வெர்ட்டர். அதில் இரண்டு வாங்குங்கள். ஒற்றை இழை வகை வேண்டாம், அதில் ஒரே இழையில் இரு பக்கமும் ஒளி போகும். காற்றாலைப் பக்கத்து கன்வெர்ட்டரின் டிஎக்ஸிலிருந்து (ஒளியை அனுப்பும் துளை) ஆபீஸ் பக்கத்து கன்வெர்ட்டரின் ஆர்எக்ஸுக்கு (ஒளியைப் பெறும் துளை) ஓர் இழை, அவ்வளவுதான். இங்கேதான் பலரும் முழிப்பார்கள்: தன் ஆர்எக்ஸில் ஒளி விழாவிட்டால் அனுப்பும் கன்வெர்ட்டரில் லிங்க் விளக்கு எரியாது. அதே வகையில் மூன்றாவது ஒன்றுக்கு கரண்ட் மட்டும் கொடுத்து, அதன் டிஎக்ஸிலிருந்து ஓர் இழையை அனுப்பும் கன்வெர்ட்டரின் ஆர்எக்ஸில் செருகுங்கள். அந்த மூன்றாவதில் ஈதர்நெட் வயர் போடவே கூடாது. எல்எஃப்பி (ஒரு பக்க இணைப்பு போனால் மறுபக்கத்தையும் நிறுத்தும் வசதி) என்று குட்டி சுவிட்ச் இருந்தால் ஆஃபில் வையுங்கள். ஆனில் இருந்தால், வயர் இல்லை என்று ஒளியை நிறுத்திவிடும்.

அப்புறம், ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்கும் டிசிபி முறை ஓடாது, பதில் வராதே. பதில் கேட்காமல் அனுப்பும் யுடிபிதான். பெறும் கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தேடித் தரும் ஏஆர்பியும் பதில் கேட்கும் என்பதால், அந்த முகவரியை அனுப்பும் கணினியில் கையாலேயே பதியுங்கள். நிதானமான வேகத்தில், ஒவ்வொரு ஃபைலையும் வரிசை எண், ஃபைல் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எஸ்ஹெச்ஏ-256 கூட்டு இரண்டோடும் இரண்டு மூன்று முறை அனுப்புங்கள். எண் விட்டுப்போனால் வெளியே இருப்பவர் போன் போட்டுத்தான் மறுபடி கேட்க வேண்டும்.